எடுத்தும் எடுக்காமலும்: சாரல் நாட்டில் டிராக்டரைக் கிளப்பிய வரலாறு

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயின் வழியே கிழக்கு நோக்கி இறங்கும் ஜூன் மாதத்தில், ஐந்தருவியின் ஐந்து கிளைகளிலும் நீர் கொட்டத் தொடங்குவதும், தென்காசியை ஒட்டிய மலையடிவாரத்துச் சிற்றாற்றுப் பாசன வயல்களில் கார் சாகுபடிக்கான உழவு தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்கின்றன. ஜூனில் நாற்றுவிட்டு மழைக்காலம் முற்றுவதற்குள் அறுத்துவிடும் குறுகிய நெற்பருவம் கார் எனவும், அக்டோபரை ஒட்டித் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும் நீண்ட பருவம் பிசானம் எனவும் நெல்லைச் சீமையில் வழங்குகின்றன. பிசான அறுவடைக்கும் கார் உழவுக்கும் இடைப்பட்ட கோடையில் வயல் வேலை குறைந்து நிற்கும் டிராக்டர், முதல் சாரல் விழுந்ததும் ஊரிலுள்ள எல்லா வயல்களுக்கும் ஒரே வேளையில் தேவைப்படுகிறது. ஒரு நாள் சாவியைத் திருப்பியவுடன் முழங்கி எழுந்த எஞ்சின் மறுநாள் அதே சாவிக்கு ஊமையாக நிற்பதும், யாரும் எதையும் தொடாமலேயே அதற்கு மறுநாள் மீண்டும் எடுப்பதும் இந்தப் பருவத்தில்தான் மிகுதி. முற்றிலும் பழுதான எந்திரத்தைப் பழுது பார்ப்பதைவிட இவ்வாறு எடுத்தும் எடுக்காமலும் இருக்கும் எந்திரத்தைப் பழுது பார்ப்பது கடினமான கலை. அந்தப் பழுதுக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

எந்திரத்தைக் கிளப்புவது என்னும் செயல் இவ்வட்டாரத்துக்கு டிராக்டருடன் வந்ததன்று. கமலையில் மாடு பூட்டி நீர் இறைத்த கிணறுகளில் ஆயில் எஞ்சின்கள் இடம்பிடித்தபோதே, இரும்புக் கைப்பிடியை எஞ்சினின் தண்டில் மாட்டிச் சுழற்றி உயிர் கொடுக்கும் வேலையை உழவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கற்றுக்கொண்டனர். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 இல் இயங்கத் தொடங்கிய பின்னரும் மின்கம்பி எட்டாத கிணறுகளிலும் அரிசி ஆலைகளிலும் இந்த எஞ்சின்கள் நெடுங்காலம் ஓடின. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் இழுக்கப்படும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்கும்போது எழும் வெப்பமே, அதில் தெளிக்கப்படும் டீசலைப் பற்றவைக்கிறது. ஆகவே அதைக் கிளப்புபவர் அந்த நெருக்கத்தைத் தம் கைவலிமையால் மீற வேண்டும். அதற்கு உதவியாக வால்வைச் சற்றே திறந்து வைத்து நெருக்கத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரெஷன் நெம்புகோல் அமைந்திருந்தது. கைப்பிடியைச் சுற்றி வேகம் ஏறியதும் நெம்புகோலை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் கைக்கே தெரிந்துவிடும்: நெருக்கம் இல்லாமல் கைப்பிடி இலேசாகச் சுற்றினால் வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கிறது, நெருக்கம் இருந்தும் வெடிக்காவிட்டால் எண்ணெய் வரவில்லை.

டிராக்டரின் தொடக்க காலத்திலும் உலகெங்கும் இதுவே நிலைமை. முறைகள்தாம் விதவிதமாக இருந்தன. ஜெர்மனியில் 1921 இல் அறிமுகமான லான்ஸ் புல்டாக் டிராக்டரின் முன்புறக் குமிழை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சி, ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றிப் பக்கவாட்டிலுள்ள பறக்கும் சக்கரத்தில் செருகிச் சுழற்ற வேண்டும். இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷலில் துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற ஒரு வெடிகுழாயைச் செருகிச் சுத்தியலால் தட்டி எஞ்சினை உதைத்தெழுப்பும் வழி இருந்தது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடிய பழைய ஃபோர்ட்சன்களைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு குழாயை மாற்றிவிட வேண்டியிருந்தது. கேட்டர்பில்லர் டி-7, டி-8 போன்ற சங்கிலிச் சக்கர டிராக்டர்களிலோ பெரிய டீசல் எஞ்சினைச் சுற்றிவிடுவதற்கென்றே ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின் தனியே பொருத்தப்பட்டிருந்தது. 1947 இல் அமைக்கப்பட்ட மத்திய டிராக்டர் நிறுவனம், போரில் எஞ்சிய இத்தகைய கனரக எந்திரங்களைக் கொண்டு மத்திய இந்தியாவின் கான்ஸ் புல் மண்டிய நிலங்களைத் திருத்தத் தொடங்கியது. 1949 இல் உலக வங்கி இப்பணிக்காக 1 கோடி டாலர் கடன் வழங்கியது. 1951 இல் இந்தியா முழுவதும் இருந்த டிராக்டர்கள் சுமார் 8,500 மட்டுமே என்பதால், தென்கோடியின் சிறு வயல்களுக்கு அவை அப்போது பெரிதும் கேள்விப்பட்ட பொருளாகவே இருந்திருக்கும்.

இந்தப் பழைய முறைகள் அனைத்திலும் முயற்சி கடுமையானது. கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறிவதும் உண்டு. ஆனால் எந்திரம் ஏன் எழவில்லை என்பது பெரும்பாலும் மறைபொருளாக இருக்கவில்லை. குமிழ் போதிய அளவு காயவில்லை, பெட்ரோல் தீர்ந்துவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்பன கண்ணுக்கும் உடலுக்கும் தெரியும் காரணங்கள். எடுத்தும் எடுக்காமலும் இருப்பது என்னும் இன்றைய பழுது, மனிதக் கையின் இடத்தை மின்சாரம் பிடித்தபோது பிறந்தது எனலாம்.

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1911 இல் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912 ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. டிராக்டர்களில் அது பரவக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஹென்றி ஃபோர்டும் ஹாரி ஃபெர்குசனும் இணைந்து 1939 இல் வெளியிட்ட 9என் டிராக்டரில் அது இயல்பான உறுப்பாயிற்று. 1946 இல் இங்கிலாந்தில் உற்பத்தியான ஃபெர்குசன் டிஇ-20 இல் ஒரு நுட்பம் சேர்ந்தது: கியர் நெம்புகோலை அதற்கெனக் குறித்த நிலைக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும், கியர் விழுந்திருக்கும் வண்டி திடீரெனப் பாய்ந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. அதன் வழித்தோன்றலான மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டரின் தொடக்கக் கால டீசல் வகையில் பொருத்தப்பட்ட நான்கு உருளை ஸ்டாண்டர்டு எஞ்சின், குளிர்காலத்தில் எளிதில் எடுக்காத எஞ்சின் என்று பிரிட்டிஷ் உழவர்களிடையே பெயர் வாங்கியது. மாஸி ஃபெர்குசன் நிறுவனம் 1959 இல் பெர்கின்ஸ் எஞ்சின் நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அதன் மூன்று உருளை எஞ்சினை இந்த டிராக்டரில் பொருத்திய பிறகே அந்தக் குறை நீங்கியது. தமிழ்நாட்டு வயல்களில் அரை நூற்றாண்டாக ஓடிவரும் டிராக்டர்களில் பெரும்பகுதி இந்த மரபைச் சேர்ந்தவை என்பதால், இங்கிலாந்தின் குளிரில் எழுந்த குறையும் அதற்குக் கண்ட தீர்வும் தென்காசிக்கும் தொடர்பில்லாதவை அல்ல.

அந்தத் தொடர்பு சென்னை வழியாக வந்தது. 1840 இல் குதிரை வண்டி கட்டும் கூடமாகத் தொடங்கிய சிம்சன் நிறுவனம், எஸ். அனந்தராமகிருஷ்ணன் உருவாக்கிய அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கீழ் பெர்கின்ஸ் வகை டீசல் எஞ்சின்களைச் சென்னையில் தயாரித்தது. அதே குழுமம் 1960 இல் மாஸி ஃபெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டாஃபே, 1961 முதல் டிராக்டர்களை வெளியிட்டது. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பம்பும் நாசிலும் 1951 இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோவிடமிருந்து கிடைத்தன. ஸ்டார்ட்டர் மோட்டாரும் மின்னாக்கியான டைனமோவும் சென்னையின் பாடியில் 1961 இல் உருவான லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையில் தயாராயின, அதன் இந்தியப் பங்காளியான டி.வி.எஸ். குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வடக்கே ஃபரிதாபாத்தில் 1959 இல் ஐஷர் முதல் இந்திய டிராக்டரை வெளியிட்டிருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஸெட்டர், போலந்தின் உர்சுஸ், சோவியத் நாட்டின் பெலாரஸ் ஆகியவை ரூபாய் வாணிகத்தில் கப்பலேறி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மின்சுற்றும் ஒவ்வொரு வகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பழக்கம் வேண்டியிருந்தது. உதிரிப் பாகம் அருகிலேயே கிடைக்கும் வண்டியை வாங்குவதே அறிவு என்பதை வாங்கியவர்கள் சில பருவங்களிலேயே உணர்ந்துகொண்டனர். தெற்கில் சென்னை டிராக்டர்கள் வேரூன்றியதற்கு விலையைப் போலவே அதுவும் காரணமாதல் வேண்டும்.

1969 இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின், வங்கிக் கடனும் நிலவள வங்கிக் கடனும் டிராக்டரை நடுத்தர உழவருக்கு எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தன. ஆயினும் சிற்றாற்றுப் பாசனத்தின் துண்டுபட்ட வயல்களுக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு டிராக்டர் பொருந்தாது. வாங்கியவர் தம் நிலத்தை உழுத பின் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதே வழக்கமாயிற்று. பின் சக்கரங்களுக்குப் பதிலாகவோ அவற்றுடன் சேர்த்தோ இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலை மாட்டி, நீர் கட்டிய வயலைச் சேறாகக் கலக்கும் தொளி உழவு கார் பருவத்தின் முதன்மை வேலை. அது முடிந்தால் டிரெய்லரில் செங்கல், மணல், நெல் மூட்டை ஏற்றும் வேலை. வாடகை முறை எந்திரத்தின் மேல் இரண்டு விளைவுகளை உண்டாக்கியது. முதலாவது, ஒரே வண்டியைப் பல ஓட்டுநர் ஓட்டுவதால் அதன் நோய்க்குறிகளை முழுமையாக அறிந்தவர் எவரும் இல்லாமற் போயினர். இரண்டாவது, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குச் சிறு தொலைவு ஓடி நிறுத்தி மீண்டும் கிளப்பும் பழக்கத்தில், ஒவ்வொரு கிளப்பலுக்கும் பேட்டரி இழந்த மின்சாரம் முழுமையாகத் திரும்ப நிரம்புவதில்லை. பழைய டைனமோக்கள் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகக் குறைந்த மின்சாரமே தந்தன. பின்னாளில் வந்த ஆல்டர்னேட்டர்கள் இந்தக் குறையைப் பெருமளவு நீக்கின.

இந்த நிலையில் ஓட்டுநர்கள் தாமாகவே சில வழக்கங்களை வகுத்துக்கொண்டனர். குளத்தங்கரைச் சரிவிலோ மேட்டு நிலத்தின் விளிம்பிலோ வண்டியை நிறுத்தி வைத்து, காலையில் மேல் கியரில் உருளவிட்டுக் கிளட்சை விடுவது அவற்றுள் ஒன்று. டீ குடிக்கும் நேரத்திலும் எஞ்சினை அணைக்காமல் ஓடவிடுவது இன்னொன்று. டீசல் மலிவாக இருந்த காலத்தில் அது விளங்கக்கூடிய வழக்கம், விலை ஏறிய பின்னும் தொடர்ந்தது வண்டியின் மேல் இருந்த அவநம்பிக்கையால்தான். ஆட்களைக் கூட்டித் தள்ளுவது, மற்றொரு டிராக்டரைக் கொண்டு சங்கிலியால் இழுப்பது ஆகியவை கடைசி வழிகள். இவை அனைத்தும் பழுதை நீக்காமல் பழுதுடன் வாழும் முறைகள் என்பதை எல்லாரும் அறிந்தே இருந்தனர். தொளி உழவின் நெருக்கடியில் பட்டறைக்கு அனுப்ப ஒரு நாளும் இல்லை என்பதே அவற்றின் நியாயம்.

பட்டறைத் தொழில் இரண்டு ஊற்றுக்களிலிருந்து வளர்ந்தது. பேருந்து, லாரிப் பட்டறைகளில் கைவேலை கற்றவர்கள் ஒரு பிரிவினர். கொல்லத்துக்கு 1904 இல் போடப்பட்ட இருப்புப்பாதைக்கு இணையாக, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குச் சரக்கேறும் நெடுஞ்சாலை இவ்வட்டாரத்துக்கு எப்போதும் லாரிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. 1950 இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக், டிராக்டர் மெக்கானிக் பிரிவுகளில் பயின்றவர்கள் மற்றொரு பிரிவினர். காலப்போக்கில் வேலை மூன்றாகப் பிரிந்தது: எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக், பம்பும் நாசிலும் மட்டும் பார்க்கும் பம்புக்காரர், செல்ஃப், டைனமோ, வயரிங் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன். இந்தப் பிரிவினையே இடைவிட்ட பழுதுக்குப் புதிய சிக்கலைக் கொடுத்தது. "அண்ணாச்சி, சில நேரம் எடுக்கு, சில நேரம் எடுக்க மாட்டேங்கு" என்று வந்து நிற்கும் ஓட்டுநரின் வண்டி எந்தப் பட்டறைக்கு உரியது என்பதே முதல் வினாவாகிறது. தவறான பட்டறைக்குப் போனால் பழுதில்லாத உறுப்பு ஒன்று புதிதாக மாற்றப்பட்டு, பழுது அப்படியே வீடு திரும்பும்.

அனுபவமுள்ள மெக்கானிக்கின் முதல் கேள்வி, அதனால், எஞ்சின் சுற்றுகிறதா என்பதாகவே இருக்கும். சாவியைத் திருப்பும்போது எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் மின்சாரத்தின் மேல் குற்றமில்லை. டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றவே இல்லை என்றால் டீசல் வழியைத் திறப்பது வீண். சுற்றாத வண்டியிலும் காது கேட்கும் ஒலி ஒரு சான்று. செல்ஃப் எனச் சுருக்கமாக வழங்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகிலோ அருகிலோ அமைந்த சொலினாய்டு என்பது, சாவி தரும் சிறு மின்சாரத்தால் காந்தமாகி, பேட்டரியின் பெரும் மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடும் கதவு. ஒலியே இல்லாவிட்டால் அந்தச் சிறு மின்சாரம் சொலினாய்டுக்கு வரவில்லை: சாவிக் குமிழ், நடுநிலை ஸ்விட்ச், இடையிலுள்ள வயர் ஆகியவற்றில் ஒன்று ஐயத்துக்குரியது. 'டக்' என்று ஒரே ஒலி வந்து நின்றால் கதவு திறந்தும் பெரும் மின்சாரம் போதவில்லை அல்லது மோட்டார் அதை ஏற்கவில்லை. 'டக் டக் டக்' எனத் தொடர்ந்து அடித்தால் பேட்டரியின் அழுத்தம் சரிகிறது. காந்தம் பிடித்ததும் அழுத்தம் விழுந்து பிடி நழுவ, நழுவியதும் அழுத்தம் மீள மீண்டும் பிடிப்பதே அந்த ஒலி.

மின்மானி பரவுவதற்கு முன் முகப்பு விளக்கே பட்டறையின் கருவியாக இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பும்போது ஒளி மாறாமல் இருந்தால் பெரும் மின்சாரம் புறப்படவே இல்லை. ஒளி மெல்ல மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. ஒளி ஒரேயடியாக அணைந்தால் பேட்டரி முனையில் இணைப்பு விட்டிருக்கிறது. செலவில்லாத இந்தச் சோதனை, பிற்காலத்தில் மலிவாக மின்மானி கிடைத்த பிறகும் வழக்கொழியவில்லை என்பது அதன் துல்லியத்துக்குச் சான்று.

சாரல் காலத்துப் பழுதுகளில் மிகுதியானவை இந்த இணைப்புகளில் பிறக்கின்றன. முழுமையாக நிரம்பிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். கிளப்பும்போதும் அது 10 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 200 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் பாய்கிறது. பேட்டரி முனைக்கும் அதைக் கவ்வும் கிளாம்புக்கும் நடுவே படிந்த வெள்ளை உப்போ பச்சைக் களிம்போ 0.01 ஓம் அளவுக்கே தடை செய்தாலும், 200 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். 400 வாட் வெப்பம் அந்தச் சிறு இடத்தில் எழும். அதே இணைப்பின் வழியே சில ஆம்பியர் மட்டும் கேட்கும் முகப்பு விளக்குக்கு 0.01 ஓம் தடை ஒரு பொருட்டன்று. விளக்கு பளிச்சென எரியும், ஹாரன் முழங்கும், ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஓட்டுநர் சாதிப்பார். சூடேறிய கிளாம்பு சற்றே விரிந்து பிடி தளர்வதும், ஆறியபின் மீண்டும் தொடுவதும், வண்டியின் குலுக்கலில் உப்புப் படலம் விரிசல் கண்டு உலோகம் உலோகத்தைத் தொடுவதும் அந்த இடைவிட்ட போக்கை விளக்குகின்றன. கிளப்ப முயன்ற உடனே ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பார்த்து, சுடும் இணைப்பைக் குற்றவாளியாகக் கொள்ளும் பழைய முறை இயற்பியலுக்கு முற்றிலும் உடன்பட்டதே. வெந்நீரும் சோடா உப்பும் கொண்டு கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பின் மேலே வாஸ்லின் தடவுவது இதன் மருத்துவம். இறுக்குவதற்கு முன்பே உள்ளே கிரீஸை அப்பிவிடுவது பலர் செய்யும் பிழை.

நேர்முனைக் கம்பியை எல்லாரும் பார்ப்பர். எர்த் பட்டையைப் பார்ப்போர் குறைவு. மோட்டாருக்குப் போன அதே 200 ஆம்பியர் வண்டியின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால், சேற்றிலும் நீரிலும் கிடக்கும் அந்தச் செம்புப் பின்னலின் ஒவ்வோர் இழையும் அறும்போது வண்டி சிறிது சிறிதாக நோயுறுகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த டிராக்டர் எடுக்காமற் போவதற்கு, பட்டையின் அடியில் பெயின்ட் படிந்து மின்சாரத்தைத் தடுப்பதே சில வேளை காரணம். வைக்கோல் போர் அருகே நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயர் தனியொரு அத்தியாயம்; இரப்பர் உறை கடிபட்டு உள்ளே பச்சை பூத்த வயர், வெயிலில் வேலை செய்து சாரலில் படுத்துவிடும்.

ஆகவே பழுது எப்போது வருகிறது என்னும் வினா, பழுது எங்கே என்னும் வினாவுக்கு விடையாகிறது. விடியலில் மட்டும் எடுக்காமல், ஒரு முறை கிளப்பிய பின் நாள் முழுதும் எடுக்கும் வண்டியில், இரவில் குழாயிலுள்ள டீசல் டாங்குக்கே பின்வாங்கி அதன் இடத்தில் காற்று புகுந்திருக்கலாம்; செம்பு வாஷர் ஒன்றின் கசிவு போதும். 'ஏர் பிடித்தல்' என்று வழங்கும் இப்பழுதுக்கு, ஃபில்டரிலும் பம்பிலும் உள்ள திருகுகளை வரிசையாகத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையில்லாத டீசல் வரும் வரை காற்றை வெளியேற்றுவது மருத்துவம். இதற்கு மாறாக, காலையில் ஒழுங்காக எடுத்துவிட்டு, நண்பகலில் சூடாக அணைத்த வண்டி எடுக்க மறுத்தால் மின்சுற்றின் மேல் ஐயம் திரும்பும்: செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுவதால், 50 டிகிரி கூடுதலாகச் சூடேறிய சொலினாய்டுச் சுருள் ஐந்தில் ஒரு பங்கு தடை ஏறி நலிந்திருக்கும். ஆறினால் தானே சரியாகும். மழை பெய்த மறுநாள் மட்டும் எடுக்காத வண்டியில் டீசல் டிரம்மிலும் டாங்கிலும் ஈரக்காற்று குளிர்ந்து சேர்ந்த நீரையும் தேட வேண்டும். ஃபில்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பது இரண்டு நிமிட வேலை.

நாளோடும் வானிலையோடும் தொடர்பில்லாமல் வரும் பழுது இன்னொன்று உண்டு. மோட்டாரைச் சுற்றச் செய்யும் கார்பன் பிரஷ் தேய்ந்து, ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளுள் ஒன்று கெட்டிருந்தால், அந்தப் பட்டை பிரஷ்ஷின் கீழ் நிற்கும் வேளையில் மட்டும் செல்ஃப் அசையாது. செல்ஃபின் உடலில் சுத்தியலால் இலேசாகத் தட்டினால் எடுக்கும். தட்டி எடுக்கும் வண்டி சில வாரங்களில் தட்டியும் எடுக்காது என்பதை ஓட்டுநர்கள் அறிவர். இதைவிட நுட்பமானது பறக்கும் சக்கரத்தின் பல் தேய்வு. எஞ்சின் அணையும்போது ஏதேனும் ஓர் உருளையின் நெருக்கத்துக்கு எதிரே தயங்கி நிற்பதால், மூன்று உருளை நான்கு வீச்சு எஞ்சினின் சக்கரம் எப்போதும் ஏறத்தாழ மூன்று இடங்களில் ஒன்றிலேயே ஓயும். நான்கு உருளை எஞ்சின் இரண்டு இடங்களில் ஓயும். செல்ஃபின் சிறுபல் ஆண்டுக்கணக்கில் அந்த இடங்களையே வந்து மோதி மழுங்கச் செய்கிறது. அங்கே நின்ற நாளில் செல்ஃப் 'கிர்ர்' எனத் தனியே சுற்றும். சற்று விலகி நின்ற நாளில் எஞ்சின் எடுக்கும். கியரில் போட்டு வண்டியை ஒரு முழம் தள்ளியதும் எடுத்தால் நோய் இதுவேயாம். பல் வளையத்தைச் சூடாக்கிக் கழற்றி, சற்றே திருப்பி மீண்டும் பூட்டினால் தேயாத பற்கள் அந்த இடங்களுக்கு வரும். புதிய வளையம் வாங்காமல் பழையதன் ஆயுளை நீட்டிய இந்தத் தந்திரம், சிக்கனமான பட்டறைகளின் அறிவுக்குத் தக்க எடுத்துக்காட்டு.

எல்லாத் தந்திரங்களும் பாராட்டுக்குரியவை அல்ல. நெம்புகோல் நடுநிலையில் இருந்தால்தான் செல்ஃப் சுற்ற வேண்டும் என்பதற்காக ஃபெர்குசன் மரபில் அமைந்த பாதுகாப்பு ஸ்விட்ச், சேறும் நீரும் புகுந்து கெடும் உறுப்புகளுள் ஒன்று. நெம்புகோலை இரண்டு முறை ஆட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் எடுக்கும் வண்டியில் பழுது அங்கேதான். அந்த ஸ்விட்சை மாற்றுவதற்குப் பதிலாக அதன் இரண்டு வயர்களையும் முறுக்கி இணைத்துவிடுவது பட்டறைகளின் விரைவு மருத்துவமாயிற்று. சொலினாய்டின் இரு முனைகளையும் திருப்புளியால் தொட்டுக் கிளப்புவது அதைவிடப் பரவலான வழக்கம். இரண்டிலும் எஞ்சின் தவறாமல் எடுக்கும். ஆனால் கியர் விழுந்திருந்தால் வண்டியும் அக்கணமே நகரும், தரையில் சக்கரத்துக்கு முன்னோ பின்னோ நின்று திருப்புளி பிடித்தவருக்கு விலக நேரமிராது. உலகின் பல நாடுகளில் டிராக்டர் விபத்துப் பட்டியல்களில் தனி வகையாகவே இடம்பெறும் இந்த மரணங்களைத் தவிர்க்க, பிற்காலத் தயாரிப்பாளர்கள் சொலினாய்டு முனைகளின் மேல் உறை பொருத்தினர். இங்கு அந்த உறையும் முதல் பழுதிலேயே கழற்றப்பட்டுத் தொலைந்துபோவது வழக்கம். இடைவிட்ட பழுதைத் தேடும் பொறுமைக்கும் வேலை நெருக்கடிக்கும் இடையிலான இழுபறியில் கார் பருவம் பெரும்பாலும் இரண்டாவதற்கே சாதகமாயிற்று. அந்தத் தேர்வின் விலையை வண்டியின் சொந்தக்காரரைவிடக் கூலி ஓட்டுநரே மிகுதியாகச் செலுத்தினார் என்பதை இத்தொழிலின் வரலாறு மறைக்க முடியாது.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்ததையடுத்து, அவற்றின் டீசல் வழியைக் கணினி நெறிப்படுத்துகிறது. கிளட்சை மிதித்தால்தான் எடுக்கும் ஸ்விட்ச், உணரிகள், ரிலேக்கள் என அவற்றில் இணைப்புகளின் எண்ணிக்கை பன்மடங்கு. அத்தகைய வண்டியில் பழுதின் குறிகளை நினைவில் பதித்துத் திரையில் எண்ணாகக் காட்டும் வசதி உண்டு. ஆனால் அதைப் படிக்கும் கருவி விற்பனையாளரின் பணிமனையில் இருக்கிறது, சாலையோரப் பட்டறையில் அரிதாகவே இருக்கிறது. 2019 நவம்பர் 22 இல் தனி மாவட்டமான தென்காசியின் சிறு வயல்களிலோ 50 குதிரைத்திறனுக்குக் கீழ்ப்பட்ட பழைய வகைகளே இன்றும் பெரும்பாலும் உழுகின்றன. அவற்றின் பம்பு எந்திர முறையிலேயே இயங்குகிறது, செல்ஃபுக்குப் போகும் கம்பியில் கணினி ஏதும் குறுக்கிடவில்லை. ஆகவே ஆட்டோ எலக்ட்ரீஷியன் இன்னமும் பேட்டரி முனையிலிருந்தே தேடத் தொடங்குகிறார்.